வாக்குரிமையும் பெயர்ப் பட்டியலும்

(கோவில்பதாகையில் கூடிய நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியம் பற்றியே பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கலாம். யான் எடுத்துக்கொண்ட பொருளோ வேறு. வாக்காளர் பட்டியலிற் பெயர் சேர்ப்பது எங்ஙனம், வாக்கை நேரிற் செலுத்துவது எங்ஙனம், அஞ்சல் வழியாகச் செலுத்தும் உரிமை யார்க்கு உண்டு என்பனவே அப்பொருள். இவை சுவையற்ற செய்திகள் என்று சிலர் நினைக்கக்கூடும். உணவு சமைப்பதற்கு உலை வைக்கும் வேலையும் சுவையற்றதே. ஆயினும் உலை வையாமல் உண்டவர் எவருமிலர்.

பள்ளியாசிரியர்கள் தேர்தற் பணிக்கு அழைக்கப்படுதல் நீங்கள் அறிந்ததே. யானும் பல தேர்தல்களில் வாக்குச்சாவடி மேசையில் அமர்ந்திருக்கின்றேன். அங்கே காணும் துன்பங்களுட் பெரியது யாதெனின், வெயிலில் வரிசையில் நின்று, கையில் அடையாள அட்டையுடன் மேசைமுன் வந்த ஒருவர், “உங்கள் பெயர் பட்டியலில் இல்லை” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிச் செல்லுதலே. “அட்டை இருக்கின்றதே ஐயா, சென்ற தேர்தலில் வாக்களித்தேனே” என்று அவர் மன்றாடுவார். அலுவலனுக்கு இரக்கம் இருந்தும் பயனில்லை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, பட்டியலிற் பெயரில்லாதவர் வாக்களித்தல் ஆகாது என்று தெளிவாய்க் கூறுகின்றது. அட்டை ஆளை அடையாளங் காட்டுவது. உரிமையைத் தருவது பட்டியலே.

ஆகவே இன்று யான் கூறப்போவதன் சாரம் ஒன்றே. வாக்களித்தல் வாக்குப்பதிவு நாளிலே தொடங்குவதன்று. அதற்குப் பல திங்கள் முன்னரே, ஒரு படிவத்தில், ஒருவர் பெயரை எழுதுவதில் தொடங்குவது.

பண்டும் இன்றும்

நம் நாட்டிலே தேர்தல் முறை பழமையானது என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைச் சான்று காட்டுவது வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன. ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான். அப்பெருமையைப் பேசுங்கால் நாம் பெரும்பாலும் பேசாது விடுவது ஒன்றுண்டு. அக்குடத்துள் பெயர் புகுதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். பெண்டிர்க்கும், நிலமற்ற உழவர்க்கும், கைத்தொழிலாளர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. குடம் ஒன்றே, அதனுள் யார் பெயர் புகுந்தது என்பதிலேதான் வேறுபாடு முழுதும் அடங்கியிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் சொத்தும் வரியும் உடையாரே வாக்காளர். 1920-ஆம் ஆண்டுத் தேர்தலிற் சென்னைச் சட்டசபையில் பிராமணரல்லாதார்க்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. முகமதியர் முதலானோர்க்குத் தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. 1921-இல் சென்னை மாகாணமே இந்திய மாகாணங்களுள் முதலாவதாகப் பெண்டிர்க்கு வாக்குரிமை வழங்கிற்று. ஆயினும் அஃதும் சொத்துடைய பெண்டிர் சிலரையே சென்றடைந்தது. குடியரசான பின்னரே நிலை மாறிற்று. அரசியற் சட்டத்தின் 326-ஆம் உறுப்பு வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. 325-ஆம் உறுப்போ, சமயம், இனம், சாதி, பால் என்னும் இவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எவரையும் பட்டியலினின்று விலக்கலாகாது என்றும், ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியலே உண்டு என்றும் விதித்தது. குலச் சங்கமாகக் கூடியிருக்கும் நாம் இவ்வுறுப்பைச் சிறப்பாக நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நாம் வாழும் ஆவடித் தொகுதியை உள்ளடக்கிய திருவள்ளூர்ப் பாராளுமன்றத் தொகுதி ஆதிதிராவிட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளர்க்கே அவ்வரையறை, வாக்களிப்போர் நாம் அனைவருமே. ஒரே பட்டியல், ஒரே வரிசை.

முதற் பொதுத் தேர்தல் 1951–52-இல் நடைபெற்றபோது ஏறத்தாழ 17 கோடிப் பெயர்கள் பட்டியலில் இருந்தன. அப்போது நேர்ந்த ஒரு செய்தியை நம் தாய்மார்கள் கேட்டல் நன்று. வட மாநிலங்கள் சிலவற்றில், கணக்கெடுக்க வந்தாரிடம் தம் சொந்தப் பெயரைக் கூறப் பெண்டிர் பலர் நாணினர்; “இன்னார் மனைவி”, “இன்னார் தாய்” என்றே எழுதுவித்தனர். தலைமைத் தேர்தல் ஆணையராயிருந்த சுகுமார் சென், அங்ஙனம் எழுதுதல் செல்லாது என்றார். தம் பெயரைக் கூறாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிர் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். உரிமை வழங்கப்பட்டிருந்தது; பெயர் இல்லாமையால் அது கைக்கு எட்டவில்லை.

அது பழங்கதை என்று தள்ளிவிடல் வேண்டா. 2025-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்களிலே தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடைபெற்றது. வீடுதோறும் கணக்கெடுப்புப் படிவம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் 19-ஆம் நாள் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது, முன்னர் ஏறத்தாழ 6 கோடியே 41 லட்சமாயிருந்த பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாய்க் குறைந்திருந்தன. நீங்கிய 97 லட்சத்துள் ஏறத்தாழ 27 லட்சம் இறந்தோர் பெயர். 3 லட்சத்துக்கு மேற்பட்டவை இரட்டைப் பதிவு. எஞ்சிய 66 லட்சமும் குடிபெயர்ந்தோர், அல்லது வீட்டிற் காணப்படாதோர் என்று குறிக்கப்பட்டன. இவ்விறுதி வகையே நம்மனோர் ஊன்றிக் கருதற்பாலது. என்னை? கோவில்பதாகை, ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி என்னும் இப்பகுதிகள் குடிபெயர்ந்து வந்தோரால் வளர்ந்த ஊர்கள். பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் தொழிற்பேட்டைகளும் ஈர்த்த குடும்பங்கள் இங்கே பல. வாடகை வீடு மாறுந்தோறும் பெயர் பின்தங்கிவிடுகின்றது.

பெயர் சேர்த்தலும் மாற்றலும்

இனி நடைமுறைக்கு வருவோம். பதினெட்டு வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் எவரும், தாம் வழக்கமாய் வாழும் தொகுதியிற் பெயர் சேர்க்கலாம். முன்னர் 21 ஆயிருந்த வயதெல்லை, 61-ஆம் அரசியற் சட்டத் திருத்தத்தால் 1989-இல் 18 ஆயிற்று. பழைய நாளில் ஆண்டுக்கு ஒரே தகுதி நாள், சனவரி முதல் நாள். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதற்கொண்டு சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் ஆகிய நான்கு திங்களின் முதல் நாட்களும் தகுதி நாட்களாயின. பதினேழு வயது நிரம்பிய பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். வயது நிரம்பும் தகுதி நாளுக்குப் பின் பெயர் ஏறும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மக்களையுடைய பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்க.

புதிதாய்ச் சேர்வதற்குப் படிவம் 6. அதனுடன் நிழற்படமும், வயதுக்கும் முகவரிக்கும் சான்றும் இணைத்தல் வேண்டும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் முதலியன ஏற்கப்படும். முகவரிக்கு மின்கட்டண, குடிநீர், எரிவாயு இரசீதுகள், வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் முதலியன உதவும். ஆணையம் அவ்வப்போது கேட்கும் உறுதிமொழிப் பத்திரத்தையும் உடன் வைத்தல் வேண்டும். படிவத்தை நம் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரிற் கொடுக்கலாம். ஆணையத்தின் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ செலுத்தலாம். ஐயம் எழுமாயின் 1950 என்னும் தொலைபேசி எண்ணிற் கேட்கலாம்.

குடிபெயர்ந்தோர்க்குப் படிவம் 8. முன்னர் ஒரு தொகுதியினின்று மற்றொரு தொகுதிக்குப் போவார் படிவம் 6 கொடுப்பதும், தொகுதிக்குள்ளே மாறுவார் 8 அ கொடுப்பதும் வழக்கமாயிருந்தன. இப்போது இரண்டிற்கும் படிவம் 8 ஒன்றே. பெயர், வயது, உறவு ஆகியவற்றிலுள்ள பிழை திருத்தத்திற்கும், காணாமற்போன அட்டைக்கு மாற்றட்டை பெறுதற்கும், மாற்றுத்திறனாளி என்று குறிப்பித்தற்கும் அதுவே. ஆவடியினின்று அம்பத்தூர்க்கு வீடு மாறுவது சிறு தொலைவே. ஆயினும் ஆவடி திருவள்ளூர்ப் பாராளுமன்றத் தொகுதியிலும், அம்பத்தூர் திருப்பெரும்புதூர்ப் பாராளுமன்றத் தொகுதியிலும் அடங்குவன. பேருந்தில் அரைமணி நேரம் சென்றால் சட்டமன்றத் தொகுதியும் பாராளுமன்றத் தொகுதியும் ஒருசேர மாறிவிடுகின்றன.

இங்கே பலரை மயக்கும் ஐயம் ஒன்று உண்டு. “எனக்கு ஊரிலே சொந்த வீடு இருக்கின்றது, இங்கு வாடகைக்கே இருக்கின்றேன், என் வாக்கு ஊரில் இருப்பதுதானே முறை?” என்பர். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இவ்வையத்தை நீக்கிவிடுகின்றது. ஓரிடத்தில் வீடு உடைமையாயிருத்தல் ஒன்றே அவ்விடத்தில் வழக்கமாய் வாழ்தல் ஆகாது என்பது அதன் கருத்து. சொந்த வீடு தென்பாண்டி நாட்டில் இருப்பினும், ஆண்டு முழுதும் கோவில்பதாகை ஏரிக்கரையில் வாழ்பவர் கோவில்பதாகை வாக்காளரே. வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரர் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பதும் சட்டத்தில் இல்லை. ஊரிலொன்றும் இங்கொன்றுமாய் இரண்டு பதிவு வைத்திருத்தலோ 17-ஆம் பிரிவின்படி ஆகாது. பொய்யுறுதி எழுதிக் கொடுத்தாற்கு 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ நேரலாம்.

இறந்தோர் பெயரை நீக்குதற்குப் படிவம் 7. தந்தை இறந்தபின் அவர் பெயரைப் பட்டியலில் வைத்திருப்பது அவர்க்குச் செய்யும் மரியாதையன்று. அப்பெயரால் வேறொருவன் வாக்களிக்க வழிவிடுதலேயாகும். ஆனால் உயிரோடு அவ்வீட்டிலேயே இருப்பவர் பெயரை நீக்குமாறு பொய்யாய்ப் படிவம் 7 கொடுத்தல் குற்றம். இடம் பெயர்ந்தார், தகுதியற்றார் என்று சொல்லி ஒருவர் பெயரை நீக்குமுன் அவர்க்குத் தம் பக்கத்தைக் கூற நியாயமான வாய்ப்பு அளித்தல் வேண்டும் என்பது 22-ஆம் பிரிவு. அறிவிப்பு வந்தால் அதனைப் பரணிற் செருகிவிடாமல் குறித்த நாளிற் செல்லுக. பதிவு அலுவலர் முடிவு எதிராயின் மாவட்ட ஆட்சியர்க்கும், அதன்மேல் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் மேல்முறையீடு உண்டு.

காலத்தைப் பற்றி ஒரு சொல். தேர்தல் அறிவிக்கப்பட்ட பின்னும் பெயர் சேர்க்க இடமுண்டு; ஆனால் வேட்புமனுக் கொடுக்கும் இறுதி நாளோடு பட்டியல் மூடப்படும். அதற்குப் பின் எவர் கேட்பினும் ஒரு பெயரும் ஏறாது, ஒரு பெயரும் இறங்காது. விண்ணப்பத்தை ஆராய்வதற்கும் நாட்கள் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுதலே அறிவுடைமை.

தமிழாசிரியன் ஆதலின் எழுத்துப் பிழை பற்றிச் சொல்லாது விடின் என் மனம் அமையாது. பட்டியலில் அழகம்மாள் ‘அளகம்மாள்’ ஆகின்றார். வள்ளி ‘வல்லி’ ஆகின்றார். தந்தை பெயர் கணவன் பெயராகின்றது. ஆள் இன்னார் என்பது தெளிவாயின் சிறு எழுத்துப் பிழைக்காக எவரையும் திருப்பியனுப்பலாகாது என்பது ஆணையத்தின் அறிவுரை. ஆயினும் அப்பிழையை அப்படியே விட்டுவைத்தல் நன்றன்று. படிவம் 8 அதற்கென்றே இருக்கின்றது. தாய்மார்களே! உங்கள் பெயரை நீங்களே எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள். 28 லட்சம் பெண்டிர் இழந்ததை நினைவிற் கொள்ளுங்கள்.

அஞ்சல் வாக்கு

“என் மகன் பெங்களூரில் வேலை செய்கின்றான், அஞ்சலில் வாக்கு அனுப்பலாமா?” என்று அன்பர் சிலர் என்னைக் கேட்டனர். இயலாது என்பதே விடை. நம் நாட்டில் அஞ்சல் வாக்கு எல்லார்க்கும் பொதுவானதன்று. சட்டம் பெயர்சுட்டிய சில வகையார்க்கே உரியது. வெளியூரில் வழக்கமாய் வாழ்பவர் அங்கேயே பெயரைப் பதிந்துகொள்ளல் வேண்டும்; இங்கு வாழ்ந்து அலுவலாய்ச் சென்றிருப்பவர் நேரில் வரல் வேண்டும். வாக்குப்பதிவு நாளில் தொழில், வணிக நிறுவனப் பணியாளர்க்கு ஊதியத்தோடு கூடிய விடுமுறை வழங்கல் வேண்டும் என்று 135-பி பிரிவு விதிக்கின்றது. கடல் கடந்து வாழும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6-ஏ வழியாகப் பாஸ்போர்ட்டிற் கண்ட ஊரிற் பதிந்துகொள்ளலாம். அவர்களும் அப்பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்தே வாக்களித்தல் வேண்டும்.

அவ்வுரிமை உடையார் யாவர்? முதலாவது, படையினர். ஆவடியிலே விமானப்படை நிலையமும் மத்திய சேமக் காவற்படை முகாமும் இருத்தலால் இஃது நம் வீடுகளைத் தொட்ட செய்தி. படையிற் பணிபுரிவோர் தம் சொந்த ஊர்ப் பட்டியலிற் பணி வாக்காளராய்ப் பதியலாம். உடன் வாழும் மனைவியும், 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் கணவனும் அங்ஙனமே பதியலாம். 2016 முதற்கொண்டு வாக்குச்சீட்டு மின்வழியே அவர்க்கு அனுப்பப்படுகின்றது; அவர் அதனை அச்சிட்டு, குறியிட்டு, அஞ்சலில் திருப்பியனுப்புவார். எண்ணிக்கை தொடங்கக் குறித்த நேரத்துக்கு முன்னர் அது வந்து சேர்தல் வேண்டும். படையினர் விரும்பின் ஊரிலுள்ள ஒருவரைத் தம் பதிலாளாய் அமர்த்தவும் 2003 முதல் இடமுண்டு. அப்பதிலாளுக்கு மை, இடக்கை நடுவிரலில் இடப்படும்.

இரண்டாவது, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும். எண்பத்தைந்து வயதைக் கடந்தோரும், நாற்பது விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட ஊனம் என்று சான்று பெற்றோரும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். முதலில் எண்பதாய் இருந்த வயதெல்லை 2024-இல் எண்பத்தைந்து ஆக்கப்பட்டது. இதற்குப் படிவம் 12-டி. தேர்தல் அறிவிக்கை வெளிவந்த ஐந்து நாட்களுக்குள் அதனைக் கொடுத்துவிடல் வேண்டும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டிற்கே வந்து படிவம் தருவார். பின்னர்க் குறித்த நாளில் அலுவலர் குழு, காவலரும் ஒளிப்பதிவாளரும் உடன்வர, வீட்டிற்கு வரும். வாக்காளர் மறைவில் சீட்டிற் குறியிட்டு உறையிலிட்டு ஒட்டிக் கொடுப்பார். ஒருகால் அன்று வீட்டில் இல்லையெனின் மற்றுமொரு முறை வருவர். அதற்கு மேல் வாரார். இவ்வழியை ஏற்றுக்கொண்டவர் பெயருக்கு எதிரே பட்டியலிற் குறி இடப்படும். பின்னர் “வாக்குச்சாவடிக்கே செல்கின்றேன்” என்றால் இயலாது. பிள்ளைகளே! பாட்டனார், பாட்டியார் கை நடுங்கினாலும் குறியிடுவது அவர்கள் விருப்பமாகவே இருத்தல் வேண்டும். உதவி செய்வது வேறு. அவர் வாக்கை நாம் போடுவது வேறு.

மூன்றாவது, என் போன்ற தேர்தற் பணியாளர். படிவம் 12 கொடுத்து, பயிற்சியிடத்தில் அமைக்கும் வாக்காளர் வசதி மையத்தில் வாக்கைச் செலுத்துகின்றோம். சீட்டை வீட்டிற்குக் கொண்டுசென்று பின்னர் அனுப்பும் பழைய வழக்கம் 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தத்தால் நின்றது. பணி செய்யும் தொகுதியிலேயே வாக்குடையார், தேர்தல் பணிச் சான்று பெற்று, தாம் பணி செய்யும் சாவடியிலேயே வாக்களிக்கலாம்.

அஞ்சல் வாக்கிற் செய்முறைப் பிழை எத்துணைப் பெரிய விளைவைத் தரும் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் தொகுதியே சான்று. 2016-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் அங்கே இன்பதுரை அவர்கள் அப்பாவு அவர்களை 49 வாக்கு வேறுபாட்டில் வென்றதாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் 203 அஞ்சல் வாக்குகள் எண்ணப்படாமலே தள்ளப்பட்டிருந்தன. காரணம் யாது? உறுதிமொழிப் பத்திரத்திற் சான்றொப்பமிட்ட நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் அதற்குத் தகுதியுடைய அலுவலர் அல்லர் என்பதே. வழக்கு நடந்தது. 2019 அக்டோபரிற் சென்னை உயர் நீதிமன்றம், அங்ஙனம் தள்ளியது முறையன்று என்று கூறி மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது. வாக்குகள் மீண்டும் எண்ணப்பட்டன; முடிவை வெளியிடாதவாறு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அச்சட்டமன்றத்தின் காலம் முடியும் வரையில் அம்முடிவு வெளிவரவே இல்லை. வென்றவர் யார் என்பது ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. 203 பேர் தம் கடமையைச் செய்தனர். ஒரு கையொப்பத்தின் தகுதி பற்றிய ஐயத்தால் அவர்கள் வாக்கு ஐந்தாண்டு காலம் பேசாமலே கிடந்தது. ஆகவே அஞ்சல் வாக்குடையார், சீட்டை உள்ளுறையிலும், சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியை உள்ளுறைக்கு வெளியே பெரிய உறையிலும் வைத்தார்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தல் வேண்டும். உறுதிமொழி தவறிப்போனால் உள்ளுறை பிரிக்கப்படவே மாட்டாது.

வாக்குச்சாவடியில்

நேரில் வாக்களித்தல் எளிது. அடையாள அட்டையைக் கொண்டு செல்லுக. அஃது இல்லையெனின் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வருமான வரி நிரந்தரக் கணக்கு அட்டை, படத்துடன் கூடிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, படமுள்ள ஓய்வூதியப் பத்திரம் முதலியவற்றுள் ஒன்று போதும். வீட்டிற்கு வரும் வாக்காளர் தகவற் சீட்டு எந்தச் சாவடி, எந்த வரிசை எண் என்று அறிதற்கே உதவும். 2019 முதற்கொண்டு அதனையே அடையாளமாய்க் காட்டல் ஆகாது.

உள்ளே முதல் அலுவலர் பெயரைச் சரிபார்ப்பார். இரண்டாமவர் இடக்கைச் சுட்டுவிரலில் மையிட்டு, பதிவேட்டிற் கையொப்பமோ கைநாட்டோ பெற்றுச் சீட்டுத் தருவார். அம்மை மைசூர்த் தொழிற்சாலையிற் செய்யப்படுவது; 1962-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் வழங்கிவருவது. மூன்றாமவர் சீட்டைப் பெற்று இயந்திரத்தை ஆயத்தஞ் செய்வார். மறைப்புக்குட் சென்று, விரும்பிய பெயருக்கு எதிரேயுள்ள நீலப் பொத்தானை அழுத்துக. சிவப்பு விளக்கு எரியும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியே நீங்கள் தேர்ந்த பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டு ஏழு நொடி தோன்றி உள்ளே விழும், ஒலி கேட்கும். வேட்பாளர் எவரும் வேண்டா என்பார்க்கு இறுதியில் ஒரு பொத்தான் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அமைந்துள்ளது. கண்பார்வை குன்றியோர் பதினெட்டு வயது நிரம்பிய துணைவர் ஒருவரை அழைத்துச் செல்லலாம். முடிவு நேரத்தில் வரிசையில் நிற்போர் அனைவர்க்கும் சீட்டு வழங்கப்படும்; எத்துணை நேரமாயினும் அவர்கள் வாக்களிப்பர். இடையில் அஞ்சித் திரும்பிவிடற்க.

“உங்கள் வாக்கை முன்னரே வேறொருவர் போட்டுவிட்டார்” என்று சொல்லப்பட்டால் என்செய்வது? சோர்ந்து வீடு திரும்புதல் வேண்டா. நீங்கள் இன்னார் என்பதைத் தலைமை அலுவலர்க்கு மெய்ப்பித்தால், அவர் உங்களுக்குத் தாள் வாக்குச்சீட்டு வழங்குதல் வேண்டும். அது தனி உறையில் வைக்கப்படும். அது வழக்கமான எண்ணிக்கையிற் சேராது; எனினும் வழக்கு எழுமாயின் நீதிமன்றம் நோக்கும் சான்றாகும். இவ்விதியை அறியாமையாற் பலர் வாய்மூடித் திரும்புகின்றனர்.

நம் சங்கத்தின் கடமை

இதுவரை தனியொருவர் செய்யத்தக்கவற்றைக் கூறினேன். சங்கம் செய்யத்தக்கது யாது? “நம் குலத்தார் அனைவரும் இன்னார்க்கே வாக்களித்தல் வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தல் நலம்” என்று நம்முள் ஒரு சாரார் விரும்புகின்றனர். அவர்கள் நோக்கம் நம் மக்கள் நன்மையே என்பதை யான் அறிவேன். ஆயினும் அவர்களோடு யான் உடன்படேன். சாதியின் பெயரால் வாக்குக் கேட்டல் 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி ஊழல் நடத்தை; அதனால் வென்ற வெற்றியே செல்லாது போகும். வேட்பாளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும், வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் குற்றமே என்று 2017 சனவரியில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு பெரும்பான்மையாய்த் தீர்ப்புரைத்தது. சட்டம் நிற்க, நியாயத்தைப் பாருங்கள். மறைப்புக்குள் ஒருவராய்ச் செல்லுமாறு அமைத்திருப்பது எதற்கு? அவ்விடத்தில் தந்தையும் இல்லை, கணவனும் இல்லை, சங்கமும் இல்லை என்பதற்கே. அந்நான்கு சாண் மறைப்புக்குள் நாம் புகுதல் தகாது.

ஆனால் அம்மறைப்பு வரையில் ஒருவரைக் கொண்டு சேர்ப்பது நம் கடமை. எனவே மூன்று வேலைகளைச் சங்கத்தின்முன் வைக்கின்றேன்.

முதலாவது, தெருவுக்கு இரண்டு இளைஞர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பொறுப்பேற்று வீடுதோறும் சென்று அவ்வீட்டார் பெயர்கள் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்துக் குறித்தல். பட்டியல் அனைவரும் பார்க்கத்தக்கதே. இதனைத் தேர்தல் நெருங்கும்போது அன்றி, ஆண்டுதோறும் சனவரியிற் செய்தல் வேண்டும். ஆவடி மாநகராட்சித் தேர்தலுக்குரிய பட்டியலும் இச்சட்டமன்றப் பட்டியலைக் கொண்டே ஆக்கப்படுதலின், ஒரு வேலையால் இரண்டு பயன் உண்டு.

இரண்டாவது, படிவம் நிரப்பத் தெரியாதார்க்கு ஞாயிறுதோறும் இக்கட்டடத்தில் உதவுதல். படிவங்களைச் சங்கம் மொத்தமாய்க் கட்டிக் கொடுத்தல் வேண்டா. அவரவர் கையொப்பமிட்டு அவரவரே கொடுத்து ஒப்புகை பெறுதலே நன்று. திருமணமாகி நம் ஊருக்கு வந்த மருமகளிரையும், இங்கிருந்து போன மகளிரையும் சிறப்பாய்க் கவனித்தல் வேண்டும். பெயர் மிகுதியும் தவறுவது அவர்கட்கே.

மூன்றாவது, வாக்குப்பதிவு நாளில் முதியோரையும் நோயாளரையும் அழைத்துச் சென்று, மீண்டும் வீட்டில் விடுதல். அவர்கள் யார்க்கு வாக்களிப்பர் என்று வழியிற் கேளாதிருத்தலும் இப்பணியின் பகுதியே. கட்சி வண்டியில் ஏற்றிச் செல்லுதலும், ஏறிச் செல்லுதலும் கூடா. நம் வீட்டு வண்டியில், உறவினராய், அண்டை வீட்டாராய் அழைத்துச் செல்லுவோமாக.

இம்மூன்றையும் செய்யுங்கால் வாயிலில் நின்று குலம் கேட்டல் ஆகாது என்பதே என் வேண்டுகோள். வீடு வரிசையாய்ச் செல்லும் இளைஞர், நடுவே உள்ள வீடு நம்மவர் வீடன்று என்று தாண்டிச் செல்வராயின், 325-ஆம் உறுப்பு ஒழித்த பழைய குடவோலையை நாமே மீண்டும் எழுதியவராவோம். அண்டை வீட்டாரும் அதே ஏரித் தண்ணீரை நம்பியிருப்பவர். அதே மாநகராட்சிக்கு வரி செலுத்துபவர். அதே வரிசையில் நமக்கு முன்னோ பின்னோ நிற்கப் போகின்றவர். அவர் பெயரும் பட்டியலில் இருக்கட்டும். ஒரு குலத்தார் சங்கம் ஊருக்கே பயன்பட்டது என்னும் பெயர் நமக்குச் சிறுமையாகாது.

அன்பர்களே! நம் பாட்டன்மார் காலத்தில் வாக்குரிமை நிலமுடையார் சிலர்க்கே இருந்தது. நமக்கு அது கேளாமலே கிடைத்தது. கேளாமற் கிடைத்ததை நோக்காமல் விடுதல் மனித இயல்பு. இன்றிரவு வீடு சென்றதும், உண்ணுமுன், உங்கள் வீட்டார் அனைவர் பெயரையும் பட்டியலிற் பார்த்துவிடுங்கள். ஒரு பெயர் குறைந்தாலும் நாளைக் காலையிலேயே படிவத்தை எழுதத் தொடங்குங்கள்.